வீட்டுத் தோட்டத்துக்குக் கல்: காசில்லாமல் எங்கே கேட்பது, எப்படிக் கொண்டுவருவது

தோட்டத்துக்குக் கல் வேண்டும் என்றதும் பலரும் முதலில் போய் நிற்பது நர்சரியில். அங்கே மூட்டை கட்டிய வெள்ளைக் கூழாங்கல்லைக் கிலோ கணக்கில் விற்பார்கள். நடைபாதைக்கும் பாத்தி ஓரத்துக்கும் அதை வாங்கத் தொடங்கினால் பணம் கரைந்துவிடும். தமிழ்நாட்டில், அதிலும் கோயம்புத்தூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் பக்கம், தரையைக் கொஞ்சம் தோண்டினாலே பாறைதான். எடுத்துப்போட்ட கல்லை எங்கே கொட்டுவது என்று தவிப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பெரும்பாலும் கல்லுக்கு விலை கிடையாது, ஏற்றி இறக்கிக் கொண்டுவரத்தான் செலவு. ஆகவே கல் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட எவ்வளவு பக்கத்தில் கிடைக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

முதலில் கணக்கு

கல் தேடக் கிளம்பும் முன் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். அளக்காமல் போனால் ஒரு லோடு கூடுதலாக வந்து வாசலை அடைத்துக்கொள்ளும், அதை அப்புறப்படுத்த இன்னொரு கூலி ஆகும்.

ஜல்லி, சரளை, சக்கைக் கல் (குவாரியில் உடைத்த கரட்டுக் கல்) எல்லாம் கன அடியில்தான் பேசப்படும். 100 கன அடி ஒரு யூனிட். 20 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு நடைபாதைக்கு 2 அங்குல உயரம் ஜல்லி போட வேண்டுமானால் 10 கன அடி போதும். ஒரு கன அடி ஜல்லி சுமார் 42 முதல் 45 கிலோ. ஆக மொத்தம் 450 கிலோவுக்குள் அடங்கிவிடும். இதற்குப் போய் ஒரு யூனிட் சொல்லிவிட்டால் நாலரை டன் வந்து இறங்கும். ஜல்லி விற்கும் கடையில் அரிசிச் சாக்கில் அள்ளிக் கட்டி, இரண்டு நடையாகக் கொண்டுவருவதே சரி.

பெரிய கல்லில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். திடமான கருங்கல் ஒரு கன அடி ஏறக்குறைய 76 கிலோ. ஒரு அடி விட்டமுள்ள உருண்டைக் கல் 40 கிலோ இருக்கும், இரண்டு பேர் தூக்கிவிடலாம். இரண்டு அடி விட்டம் என்றால் 80 கிலோ என்று மனக்கணக்கு சொல்லும். உண்மையில் 320 கிலோ, ஏனென்றால் விட்டம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். மூன்று அடிக் கல் ஒரு டன்னைத் தாண்டும். கேட்டுக்குள் ஜேசிபி நுழையாத வீட்டுக்கு ஒன்றரை அடிக்கு மேல் போகாதீர்கள். அதுவே 135 கிலோ வரும்.

எங்கே கேட்பது

கொங்குப் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது கிணற்று மேடு. பாறையை வெடி வைத்து உடைத்துத் தோண்டிய திறந்த கிணறு ஒவ்வொன்றின் ஓரத்திலும் அன்று எடுத்த கல் குவிந்து கிடக்கும். 20 அடிக்கு 20 அடிக் கிணற்றைப் பத்து அடி ஆழப்படுத்தினால் 4,000 கன அடிப் பாறை வெளியே வரும். உடைந்த கல் இடைவெளி விட்டுக் குவியும் என்பதால் மேட்டில் அது 60 யூனிட்டாக நிற்கும். விவசாயிக்கு அது பயிர் வைக்க முடியாத இடம், பாம்பு அடையும் இடம். “அண்ணா, அந்தக் கிணத்து மேட்டுக் கல்லு உங்களுக்கு வேணுங்களா? கொஞ்சம் எடுத்துக்கலாமுங்களா?” என்று நேரில் போய்க் கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். பல வருடம் மழையில் நனைந்து பழுத்த மேட்டுக் கல்லைத் தேடுங்கள். புதிதாக உடைத்த கல்லின் சாம்பல் நிறம் அடங்கியிருக்கும்.

செம்மண் காடுகளின் மூலையில் இன்னொன்றையும் பாருங்கள். உழும்போது கலப்பையில் தட்டுப்படும் வெள்ளைக் கற்களைப் பொறுக்கி அங்கே போட்டிருப்பார்கள். வெங்கச்சங்கல் என்பது இதுதான். நர்சரி வெள்ளைக் கல்லின் இடத்தில் இதைப் போடலாம். வெயிலிலும் மழையிலும் நிறம் போகாது. ஆனால் விளிம்பு கண்ணாடி போல வெட்டும். குழந்தைகள் வெறுங்காலில் ஓடும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

ஊருக்குள் இருப்பவர்களுக்குப் பழைய வீடு இடிக்கும் இடம். இங்கே நேரம் முக்கியம். இடிப்புக் கான்ட்ராக்டர் கதவு, நிலை, உத்தரம், ஓடு, செங்கல் என்று விலை போவதை முதலில் கழற்றி விற்றுவிடுவார். கடைசியில் வருவது அஸ்திவாரம். பழைய வீடுகளுக்கு இரண்டு அடி, மூன்று அடி அகலத்தில் கருங்கல் அஸ்திவாரம் இருக்கும். இப்போது கட்டுவதெல்லாம் கான்கிரீட் தூண் வீடு என்பதால் அந்தக் கல் அங்கேயே திரும்பப் பயன்படுவது குறைவு. ஜேசிபி வைத்துத் தோண்டி, லாரிக்குக் காசு கொடுத்து வெளியேற்ற வேண்டும். ஆகவே “அஸ்திவாரம் எந்த நாள் எடுக்கிறீங்க?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வண்டியோடு போய் நின்றால் இலவசமாகவே கிடைக்க வாய்ப்பு அதிகம். ஜேசிபி அங்கேயே நிற்பதால் ஏற்றும் கூலியும் மிச்சம். மறுநாள் போனால் மண்ணோடு கலந்து பள்ளம் நிரப்பப் போயிருக்கும்.

சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய அஸ்திவாரமாக இருந்தால் நல்லது, சுத்தியலால் தட்டினாலே காரை உதிர்ந்துவிடும். சிமென்ட் கலவை கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும், பெயர்த்தெடுப்பது நாள் முழுக்க வேலை. அதே வீட்டில் ஆட்டுக்கல், உரல், மாட்டுத் தண்ணீர்த் தொட்டி, வாசல் படிக்கல், கடப்பாக்கல் அலமாரிப் பலகை எல்லாம் கிடக்கும். இவற்றுக்குப் பழம்பொருள் கடைக்காரர்கள் வருவதால் இலவசமாகக் கிடைக்காது. படிக்கல்லை மட்டும் விலை பேசியாவது வாங்கிவிடுங்கள். கைக்கொத்தில் செதுக்கிய பழைய படி போல வழுக்காத கல்லை இன்று புதிதாகச் செய்து வாங்க நிறையச் செலவாகும்.

வேலி மாற்றும் தோட்டங்களில் கல்லுக்கால்கள், அதாவது வேலிக்கு நட்ட கல் தூண்கள், கிடைக்கும். உடைந்த கல்லுக்கால் வேலிக்கு உதவாது. உங்களுக்கோ பாத்தி ஓரத்துக்கு அதைவிடப் பொருத்தமான கல் இல்லை. நேராக இருக்கும், படுக்கவைத்துப் பாதி புதைத்தால் அசையாது.

அடுத்தது கிரானைட். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் பட்டறைகள் நிறைய. பெரிய பாறைக் கட்டியை வாளில் அறுக்கும்போது முதலில் வரும் ஓரப் பலகை ஒரு பக்கம் மட்டும் சமமாகவும் மறுபக்கம் கரடாகவும் இருக்கும். அது ஸ்லாப்பாக விற்காது. தோட்டத்தில் மிதிகல்லாகப் போட அதுவே சிறந்தது, கனமும் கூடுதல். மற்ற ஊர்களில் சமையல் மேடைக்குக் கல் அறுத்துத் தரும் கடைகளில் துண்டுக் கல் சேர்ந்துகொண்டே இருக்கும். சனிக்கிழமை மாலை, கடையை ஒழுங்குபடுத்தும் நேரம் பார்த்துக் கேளுங்கள். பளபளப்பான பக்கம் மழையில் எண்ணெய் ஊற்றியதுபோல வழுக்கும் என்பதால் அதைக் கீழே போட்டு, முதுகுப் பக்கம் மேலே வரும்படி வைக்க வேண்டும். பட்டறையில் குவிந்திருக்கும் சாம்பல் நிறச் சேற்றை மட்டும் யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். காய்ந்தால் நுரையீரலுக்குள் போகும் கல் தூள் அது. மண்ணில் போட்டால் இறுகித் தண்ணீரை இறங்கவிடாது.

எதுவும் அமையாவிட்டால் குவாரி, அல்லது கல்லை ஜல்லியாக உடைக்கும் கிரஷர். இலவசம் இல்லை, ஆனால் இடைத்தரகர் இல்லாமல் வாங்கினால் மலிவு. ஜல்லியைவிடச் சக்கைக் கல்லும், கிரஷர் தூளும் விலை குறைவு. விலை கேட்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். குவாரியில் யூனிட் என்ன விலை? வீட்டில் இறக்கினால் என்ன விலை? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தூரத்தின் விலை, பல சமயம் அது கல்லின் விலையைத் தாண்டும். வண்டி வந்ததும் பெட்டியை அளந்து பாருங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், ஒன்றே முக்கால் அடி உயரத்துக்குச் சமமாக நிரம்பியிருந்தால் 105 கன அடி, ஒரு யூனிட் சரி. நடுவில் குவித்து ஓரத்தில் பள்ளமாக இருந்தால் குறைவு. ஓட்டுநர் முன்னாலேயே அளந்துவிட்டால் சண்டைக்கு இடமில்லை.

தொடக் கூடாத கல்

ஆற்றிலும் ஓடையிலும் கிடக்கும் கூழாங்கல், மலையடிவாரப் பாறை, புறம்போக்கு, ஏரிக்கரை, ஏரி நிரம்பி வழியும் கலிங்கின் கல், காப்புக் காட்டில் உள்ள எதுவும் “யாருக்கும் சொந்தமில்லாத” கல் அல்ல. சரளையும் கட்டடக் கல்லும் சட்டத்தில் சிறுகனிமம். தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் அவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. அனுமதியின்றிக் கனிமம் ஏற்றிய வண்டியைப் பறிமுதல் செய்ய 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம், 21-ஆம் பிரிவில் இடம் தருகிறது. கல் இலவசம், வண்டி போய்விட்டது என்றாகிவிடக் கூடாது. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், ஓடைக் கல்தான் மழை வெள்ளத்தில் கரையைப் பிடித்து நிற்கிறது. அதன் அடியில்தான் மீன் குஞ்சும் நண்டும் வாழ்கின்றன.

குவாரியில் வாங்கினால் பில்லோடு, கல்லை ஏற்றிச் செல்வதற்கான நடைச்சீட்டும் வண்டியில் இருக்க வேண்டும். பட்டா நிலத்து மேட்டுக் கல்லை ஒரு லோடு ஏற்றப் போகிறீர்கள் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமோ மாவட்டக் கனிமவள அலுவலகத்திலோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நில உரிமையாளரிடம் சர்வே எண், கல்லின் அளவு, தேதி குறிப்பிட்ட கடிதம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு இடித்த கல்லுக்கும் அப்படியே. வழியில் நிறுத்திக் கேட்கும்போது “சும்மா கொடுத்தாங்க” என்பது பதில் ஆகாது.

தண்டவாள ஓர ஜல்லி ரயில்வேயின் சொத்து. சாலையோரக் குவியல் ஒப்பந்தக்காரருடையது. வரப்பில் தனியாக நிற்கும் கல் சர்வே கல்லாக இருக்கலாம், பிடுங்கினால் இரண்டு வீட்டுக்குச் சண்டை.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். மேய்ச்சல் காட்டில் பெரிய கற்கள் வட்டமாக நட்டு, நடுவே சிறு கற்கள் குவிந்திருந்தால் அது கல்வட்டம், இரும்புக்கால மக்களின் ஈமச் சின்னம். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் தொல்லியல் அறிஞர்கள் தோண்டி ஆராய்ந்தது இத்தகைய சின்னங்களையும் அவற்றை ஒட்டிய வாழ்விடத்தையும்தான். பார்ப்பதற்கு உழவர் பொறுக்கிப்போட்ட குவியல் போலவே இருக்கும். அதிலிருந்து ஒரு கல்லை எடுத்தாலும் அந்த இடம் சொல்லக்கூடிய கதை அறுந்துபோகும். எழுத்தோ வீரன் உருவமோ செதுக்கிய கல்லைப் பார்த்தால் அப்படியே விட்டுவிட்டு, படம் எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள்.

பார்த்து எடுப்பது

சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் உறுதியான கல். மொத்தென்று அடங்கினால் உள்ளே விரிசல் ஓடியிருக்கிறது அல்லது மக்கிய பாறை. இரண்டு மழையில் ஏடு ஏடாக உரிந்து மண்ணாகும். செடியைச் சுற்றி வெறும் அழகுக்குப் போட மக்கிய கல் பரவாயில்லை, படிக்கும் சுவருக்கும் ஆகாது.

எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், அல்லது ஒட்டியிருப்பது காரை. அரியலூர்ப் பக்கத்துக் கல் இப்படித்தான் இருக்கும். நடைபாதைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. இட்லிப்பூச் செடியின் காலடியில் போட்டால் மட்டும் மண்ணில் காரத்தன்மை ஏறி, செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளம் இலை மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். உரம் போடப் போட ஏன் தேறவில்லை என்று தேடுவார்கள், காரணம் பக்கத்தில் கிடக்கும் கல்லோ கான்கிரீட் துண்டோதான்.

வெடி வைத்த கல்லில் விரல் நுழையும் அளவு துளை இருக்கும். நீளவாட்டில் பிளந்து பாதிக் குழாய் போலத் தெரிந்தால் பயமில்லை, வெடித்து முடிந்தது. முழுத் துளையாக மண் அடைத்திருந்தாலோ, கம்பி எட்டிப்பார்த்தாலோ தொடாதீர்கள், தட்டாதீர்கள். வெடிக்காத மருந்து உள்ளே இருக்கலாம். நில உரிமையாளரிடம் சொல்லிப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

குவியலில் கையை விட்டு எடுக்கவே கூடாது. தேளும் சுருட்டை விரியனும் கல்லடியில்தான் இருக்கும். கடப்பாரையை உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பில் கொடுத்து, கல்லை உங்களை நோக்கிப் புரட்டுங்கள். திறப்பு அந்தப் பக்கம் இருக்கும், கல் உங்களுக்கும் பாம்புக்கும் நடுவே மறைப்பாக நிற்கும். பகலில் மட்டும், கணுக்கால் மூடும் ஷூவோடு, தடித்த கையுறையோடு. இடிபாட்டுக் குவியலில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடு தென்பட்டால் அந்தக் குவியலையே விட்டுவிடுங்கள்.

ஏற்றுவதும் இறக்குவதும்

டாடா ஏஸ் போன்ற குட்டியானை முக்கால் டன் தாங்கும். சக்கைக் கல்லாக ஏற்றினால் 17 கன அடிதான், பெட்டியில் முழங்கால் உயரம்கூட வராது. “இன்னும் இடம் இருக்கே” என்று ஏற்றினால் வண்டியின் ஸ்பிரிங் பட்டை உடையும், பிரேக் பிடிக்காது. பெரிய கல்லை முன்பக்கத்தை ஒட்டி வைத்து, சிறிய கல்லை ஆப்பாகச் செருகிக் கட்டுங்கள். உருண்டைக் கல் தனியாக இருந்தால் திருப்பத்தில் பெட்டிக் கதவை உடைத்துக்கொண்டு விழும்.

வீட்டுக்குள் நகர்த்த 5 அடிக் கடப்பாரை, மூன்று அடி நீளத்தில் நாலைந்து இரும்புக் குழாய், இரண்டு பலகை போதும். கடப்பாரைக்கு அணை கொடுக்கும் கட்டையைக் கல்லிலிருந்து அரை அடியில் வைத்தால், 30 கிலோ அழுத்தம் 270 கிலோவைக் கிளப்பும். கல் எழும்பியதும் குழாயை உருட்டிவிட்டுப் பலகைமேல் தள்ளுங்கள். விரலை அடியில் விடாதீர்கள், ஆப்புக் கல்லைக் குச்சியால் தள்ளுங்கள். சரிவில் இறக்கும்போது ஆள் மேல்பக்கம் கயிற்றோடு நிற்க வேண்டும், கீழே யாரும் நிற்கக் கூடாது. மொத்தக் கல்லையும் எங்கே வைக்கப் போகிறோமோ அதன் அருகிலேயே கொட்டவையுங்கள். இரண்டு முறை தூக்கும் கல் இலவசக் கல் அல்ல.

கழுவுவதற்குத் தண்ணீரும் கம்பிப் பிரஷ்ஷும் போதும். காரை போக ஆசிட் ஊற்றும் பழக்கம் இருக்கிறது. வடிந்த ஆசிட் செடி வேரைக் கருக்கும், கல்லிலும் துருக்கறை விழும்.

வைக்கும்போது தவறுவது எங்கே

நடைபாதைக்கு 4 அங்குலம் தோண்டி, தரையைத் தண்ணீர் விட்டு இடித்து, 2 அங்குலம் கிரஷர் தூள் பரப்பி மறுபடி இடித்த பிறகுதான் 2 அங்குலம் ஜல்லி. நேராக மண்மேல் கொட்டினால் அடுத்த ஐப்பசி மழையில் பாதி ஜல்லி சேற்றுக்குள் போய்விடும். 12 மி.மீ. அல்லது 20 மி.மீ. உடைஜல்லி ஒன்றோடொன்று பிடித்து நிற்கும். உருண்டைக் கூழாங்கல் காலடியில் உருளும், வயதானவர்கள் நடக்கும் பாதைக்கு அது ஆபத்து. மூன்று அங்குலத்துக்கு மேல் போட்டாலும் கால் புதைந்து நடக்க முடியாது. இரண்டு ஓரத்திலும் கல்லுக்கால் துண்டையோ சக்கைக் கல்லையோ பாதி புதைத்து அணை கொடுங்கள், இல்லாவிட்டால் பெருக்கும்போதே ஜல்லி புல்லுக்குள் போய்விடும். களை வரக் கூடாதென்று அடியில் பழைய ஃபிளெக்ஸ் பேனரை விரிக்கிறார்கள். தண்ணீர் இறங்காமல் தேங்கி நாறும், ஒரு வருடத்தில் கிழிந்து துண்டு துண்டாக மேலே வரும்.

மிதிகல்லுக்கு நடுவுக்கு நடு 18 முதல் 20 அங்குலம் விடுங்கள். புடவை கட்டியவரும் சிறுவரும் எட்டி வைக்காமல் நடக்கலாம். கடைத் துண்டுக் கிரானைட் 20 மி.மீ. கனம்தான். அடியில் ஒரு மூலை வெற்றாக இருந்தாலும் மிதித்ததும் உடையும். ஈரக் கிரஷர் தூளில் படுக்கவைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, நாலு மூலையிலும் ஏறி நின்று பாருங்கள். ஆடினால் எடுத்து மறுபடி வையுங்கள்.

பெரிய கல்லில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போக வேண்டும், அகலமான பக்கம் கீழே. மேலே வைத்துவிட்டுப் போன கல் லாரியிலிருந்து விழுந்ததுபோலத்தான் இருக்கும். பாசியும் வெயிலும் பட்டுக் கருத்த பக்கத்தை மேலே வையுங்கள். கரிசல் மண்ணாக இருந்தால் அடியில் 4 அங்குலம் சரளை கட்டாயம். கோடையில் வெடித்தும் மழையில் உப்பியும் கல்லைச் சாய்த்துவிடும்.

சிமென்ட் இல்லாமல் அடுக்கும் சுவர் இரண்டு அடி உயரத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் என்றால் கொத்தனார் வேலை. மிகப் பெரிய கற்கள் அடி வரிசையில், நீளப் பக்கம் மண்ணுக்குள் போகும்படி. சுவரின் அடிப்பகுதி அகலம் ஒரு அடிக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு அடி உயரத்துக்கும் இரண்டு அங்குலம் பின்னோக்கிச் சாய்வு. இணைப்புக்கு நேர்மேலே இணைப்பு வரக் கூடாது. சுவருக்குப் பின்னால் அரை அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்புங்கள். சுவர் சரிவதற்குக் காரணம் பெரும்பாலும் கல் அல்ல, பின்னால் தேங்கும் மழைத் தண்ணீர்.

மரத்தடியைச் சுற்றி ஒரு அடி விட்டு ஜல்லி போடுங்கள், சித்திரை வெயிலில் கல் கொதித்துப் பட்டையைச் சுடும். வீட்டுச் சுவரை ஒட்டியும் ஒரு அடி விடுங்கள், கல்லுக்குள் நிற்கும் ஈரம் சுவரில் ஏறும். ஆட்டுக்கல், உரல், தொட்டி வைத்திருந்தால் அதில் நிற்கும் மழைத் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிவிட வேண்டும். டெங்கு கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். கொட்ட முடியாத கனமான ஆட்டுக்கல் என்றால் கல் கொத்துபவரிடம் அடியில் ஒரு துளை போடச் சொல்லி, மண் நிரப்பி வெற்றிலைக் கொடியோ வல்லாரையோ வைத்துவிடுங்கள்.